ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் தவறினால்: சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

காலை ஏழே கால் இருக்கும். பயிற்சி முடிந்து பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். 1500 மீட்டர் ஓடும் பெண்ணின் அம்மா, மகள் காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப்போய்க் கேட்டார்: "டீச்சர், நாலு மாசமா அவ தூரமாகவே இல்ல. ஓடுற பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு எங்க நாத்தனார் சொல்றாங்க. நெசந்தானா?"

இல்லை என்றேன். அந்த அம்மா மட்டுமல்ல, பல பயிற்சியாளர்களும் இதை நம்புகிறார்கள். நானும் நம்பியிருக்கிறேன். கல்லூரியில் ஓடிய காலத்தில் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் மாதவிடாய் வரவில்லை. உடம்பு நன்றாகப் பதப்பட்டுவிட்டது என்று அப்போதைய பயிற்சியாளர் சொன்னார், நானும் பெருமைப்பட்டேன். அடுத்த சீசனில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விட்டது. இரண்டும் ஒரே கதை என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இன்று ஓடும் பெண்களுக்காவது சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர், ஓடுகிற பெண் என யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஓட்டம் என்று எழுதினாலும் கபடி, கால்பந்து, நீச்சல், சிலம்பம், பளு தூக்குதல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில், ஏன் நிற்கிறது?

ஒரே ஒரு சம்பளம் வரும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் தட்டுப்பட்டால் அரிசி, வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் முதலில். தீபாவளிப் புடவையைத் தள்ளிப்போடுவோம். உடம்பும் அப்படித்தான். சாப்பாட்டில் வரும் ஆற்றலில் ஓட்டத்துக்குப் போனது போக, இதயம், மூளை, வளர்ச்சி, எலும்பு, மாதவிடாய் எல்லாவற்றுக்கும் பங்கு வேண்டும். மிச்சம் போதாதபோது, உயிர் வாழ உடனடியாகத் தேவையில்லாத செலவை உடம்பு நிறுத்துகிறது. கருவுறுவதற்கான ஏற்பாடுதான் முதலில் நிற்கும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஹார்மோன் சீரான இடைவெளியில் துடிப்புத் துடிப்பாகப் புறப்பட்டு, கடைசியில் சினைப்பையை வேலை செய்ய வைக்கிறது. ஆற்றல் குறைந்தால் அந்தத் துடிப்பின் வேகம் குறையும். ஐந்தே நாள் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தாலே இந்த மாற்றம் தெரியத் தொடங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சினைப்பை ஓய்ந்தால் ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பு கரையாமல் காப்பது. என் காலில் விரிசல் விட்ட வழி இதுதான்.

கோளாறான சாப்பாட்டுப் பழக்கம், தவறும் மாதவிடாய், மெலியும் எலும்பு ஆகிய மூன்றையும் சேர்த்து 1992-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் ஒரே பிரச்சினையாகப் பெயரிட்டார்கள். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை இன்னும் விரித்து, ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. எலும்போடு நிற்பதில்லை, நோய் எதிர்ப்பு, மனநிலை, இதயம், குடல், தசை வளர்ச்சி எல்லாமே பாதிக்கப்படும், ஆண்களுக்கும் வரும் என்பது அதன் சாரம். மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரர், பதின்ம வயதிலேயே நாட்டின் நம்பிக்கை நட்சத்திரமாக இருந்தவர், எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கப்பட்டதில் மூன்று வருஷம் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததை 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு அமைந்த வசதிகளில் பத்தில் ஒரு பங்கு கூட நம் பிள்ளைகளுக்கு இல்லை. அப்படிப்பட்டவருக்கே இந்த நிலை வந்தது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எடை குறையாமலே இது வரும். உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டு அதே எடையில் நிற்கும். "ஒல்லியா இல்லையே, அவளுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம்

செயலி வேண்டாம். 40 பக்க நோட்டு போதும். ரத்தம் பட்ட முதல் நாள் எது, எத்தனை நாள் நீடித்தது, எத்தனை நாப்கின் ஆனது, வலி எப்படி, அன்று ஓட்டம் எப்படி என்று ஐந்தே விஷயங்கள். நோட்டு அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். பயிற்சியாளர் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. "இந்த மாசம் சரியா வந்துச்சா?" என்ற ஒரு கேள்விக்கு ஆமாம், இல்லை என்ற பதில் போதும். பயிற்சியாளர் ஆணாக இருந்தால், அவள் நம்பிப் பேசக்கூடிய ஒரு பெண் ஆசிரியரோ, அணியின் மூத்த பெண்ணோ இடையில் இருக்கட்டும். ஆனால் ஆண் பயிற்சியாளர்கள் இந்தப் பேச்சே தமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவது சரியில்லை. முழங்கால் வலியைக் கேட்பது போல இதையும் இயல்பாகக் கேட்கப் பழகினால், இரண்டு மாதத்தில் பெண்களும் இயல்பாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

எது சரி, எது சரியில்லை? வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் இடைவெளி இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில வருஷங்களில் 45 நாள் வரை போகலாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த படிகளுக்குப் போங்கள்:

- 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை.
- தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை.
- வருஷத்துக்கு ஒன்பது தடவைக்கும் குறைவாக வருகிறது.
- ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, பயிற்சி கூடிய பிறகு தள்ளிப்போகிறது அல்லது மிகவும் குறைந்துவிட்டது.

கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு மாதாமாதம் வரும் உதிரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மாத்திரை நிறுத்தும் நாளில் வருவது. உள்ளே சினைப்பை வேலை செய்கிறதா என்பதை அது காட்டாது. மாத்திரையால் "சரியாகிவிட்டது" என்று நினைத்து, பசியோடு ஓடிக்கொண்டே இருப்பதுதான் இதில் ஆபத்து.

படி 2: தட்டைக் கணக்குப் பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம். முழு வழிகாட்டியும் இதன் மேல்தான் நிற்கிறது.

வேப்பமரத்தடியில் அந்த அம்மாவிடம், முந்தின நாள் மகள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். "நல்லா சாப்பிடுவா டீச்சர், வீட்ல எல்லாரும் சாப்பிடுறதத்தான் அவளும் சாப்பிடுறா" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். கலோரி எல்லாம் வீட்டு அளவுக்குத் தோராயம்:

காலை 5 மணி, பால் காப்பி ஒரு டம்ளர்: 80
எட்டரை, மூன்று இட்லி, சாம்பார்: 230
மதியம் டிபன் பாக்ஸில் சாதம், சாம்பார், பொரியல்: 430
மாலை டீ, இரண்டு பிஸ்கட்: 120
இரவு இரண்டு தோசை, சட்னி: 350

கூட்டினால் 1210.

பெண்ணின் எடை 48 கிலோ. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் மீதி 38 கிலோ. ஓடுவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். அவள் காலையும் மாலையும் சேர்த்து 10 கிலோமீட்டர் ஓடுகிறாள், ஆக 480. சாப்பிட்ட 1210-இல் 480 போனால் மிச்சம் 730. அதை 38-ஆல் வகுத்தால் 19.

இந்த 19 என்பதுதான் விஷயம். கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு 45 கலோரி மிஞ்சினால் உடம்பின் எல்லா வேலையும் ஓடும். 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறும் வாய்ப்பு கூடும். 30 என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டும் கோடு அல்ல, சிலருக்கு அதற்கு மேலேயே தவறும். ஆனால் 19 என்பது எந்தக் கணக்கிலும் பட்டினிதான். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதைத்தான் அவளும் சாப்பிட்டாள், அதில் பொய்யில்லை. வீட்டில் மற்ற யாரும் 10 கிலோமீட்டர் ஓடவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு. பெண்ணின் கையில் கலோரிப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். எண்ணிச் சாப்பிடத் தொடங்கினால் அதுவே வேறொரு நோயாக மாறும். அவளிடம் "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ, ஓட்டத்துக்கு வேணும்" என்றால் போதும்.

படி 3: எங்கே, எப்படிக் கூட்டுவது

ஒரே நாளில் இரண்டு மடங்கு சாப்பிட யாராலும் முடியாது. முதல் இரண்டு வாரம் 300 கலோரி அளவுக்குக் கூட்டுங்கள், பிறகு மெல்ல ஏற்றுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் சேர்த்தது இது: ஓடும் முன் ஒரு வாழைப்பழம் (100). ஓடி முடித்த அரை மணிக்குள் நாட்டுச் சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர், இரண்டு கடலை மிட்டாய் (300). இட்லியோடு இரண்டு அவித்த முட்டை (150). மதியம் இன்னொரு கரண்டி சாதம், மேலே நெய் (150). மாலை பயிற்சிக்கு முன் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (180). படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் (120). மொத்தம் 1000. இப்போது 2210-இல் 480 போக 1730, 38-ஆல் வகுத்தால் 45. இதில் டப்பாவில் அடைத்த புரதத் தூள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணாச்சி கடையில் கிடைக்காத ஒரு பொருளும் இல்லை.

நேரமும் முக்கியம். மொத்தக் கணக்கு சரியாக வந்தாலும், காலை முழுக்க வெறும் வயிற்றில் ஓடிவிட்டு இரவில் சேர்த்துச் சாப்பிட்டால் பகலெல்லாம் உடம்பு பற்றாக்குறையில்தான் இருக்கும். காலை ஐந்தரைக்கு வெறும் காப்பியோடு வரும் பிள்ளைகளை நான் ஓட விடுவதில்லை. ஒரு பழமோ, இரண்டு பேரீச்சையோ, முந்தின இரவு வைத்த ஒரு இட்லியோ வாயில் போட்ட பிறகுதான் வார்ம் அப். வயிற்றைப் பிரட்டுகிறது என்பவர்கள் அரைப் பழத்தில் தொடங்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் கடும் பயிற்சி என்றால் நடுவில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுங்கள்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை இருந்தால் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். 48 கிலோ பெண்ணுக்கு ஏறத்தாழ 60 முதல் 75 கிராம். மேலே சொன்ன பால், முட்டை, சுண்டல், கடலை, சாம்பார்ப் பருப்பு, சாதம் எல்லாம் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடலாம். மீன், கோழி கிடைக்கும் நாளில் இன்னும் சுலபம். முட்டை சாப்பிடாத வீடென்றால் தயிர், பனீர், பயறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று கூட்டுங்கள்.

சோற்றைக் கண்டு பயப்படுவதுதான் இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை. ரீல்ஸ் பார்த்துவிட்டு, "சாதம் வேண்டாம் மிஸ், கார்ப்ஸ்" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறாள். ஓடுபவளுக்கு மாவுச்சத்துதான் பெட்ரோல். கிலோவுக்கு 5 முதல் 7 கிராம், கடும் பயிற்சி நாளில் இன்னும் கூட, தேவைப்படும். அதை வெட்டினால் கலோரி போதுமானதாக இருந்தாலும் எலும்பும் ஹார்மோனும் அடிவாங்கும். சிறுதானியம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பும் தினையும் நல்லவைதான், ஆனால் நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும். ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று வேளையும் சிறுதானியம் கொடுத்தால் தேவையான அளவு உள்ளே போகாது. அவளுக்கு வெள்ளைச் சாதமும் இட்லியும் தாராளமாகப் போகட்டும், கேழ்வரகு ஒரு வேளை இருக்கட்டும்.

நம் வீடுகளில் பெண் வயதுக்கு வந்ததும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு உளுந்தங்களி கிண்டி ஊட்டுகிறோம். இடுப்பெலும்புக்கு பலம் என்பார்கள் பாட்டிமார்கள். உளுந்தில் புரதம், எண்ணெயில் கொழுப்பு, கருப்பட்டியில் மாவுச்சத்து. நிறையச் சாப்பிட வைப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினாறு நாளோடு அதை ஏன் நிறுத்த வேண்டும்? ஓடும் பெண்ணுக்கு வாரம் இரண்டு நாள் மாலையில் ஒரு உருண்டை களி கொடுங்கள்.

விரத நாட்களைப் பற்றித் தனியாகப் பேசி முடிவெடுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள் அன்று ஓய்வு எடுக்கட்டும், ஓட வேண்டாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகு லேசான பயிற்சி, விடியலுக்கு முந்தைய சஹரில் நிறைவான சாப்பாடு. கடும் பயிற்சியை அந்த மாதத்தில் தள்ளிவையுங்கள். எல்லாவற்றையும் விடக் கஷ்டம் விடுதிப் பிள்ளைகளுக்குத்தான். மெஸ் மூடும் நேரத்துக்குள் பயிற்சி முடியாது, திரும்பி வந்தால் பாத்திரம் காலி. பயிற்சியாளர் வார்டனிடம் நேரில் போய்ப் பேசித் தட்டு எடுத்துவைக்க ஏற்பாடு செய்வது, எந்தப் பயிற்சித் திட்டத்தையும் விடப் பெரிய உதவி.

படி 4: இரும்பும் சுண்ணாம்பும்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும் பெண்ணுக்கு மாதவிடாயில் போவது போக, வியர்வையிலும், பாதம் தரையில் மோதி மோதிச் சிவப்பணுக்கள் உடைவதிலும் இன்னும் கொஞ்சம் இரும்பு போகும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. ஆனால் அதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். அது இரும்பின் சேமிப்புக் கணக்கு. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே ஃபெரிட்டின் குறைந்து, ஓட்டம் கனக்கத் தொடங்கிவிடும். 15-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு. ஓடுபவர்களுக்கு 30-க்கு மேலாவது இருக்கட்டும் என்று விளையாட்டு மருத்துவர்கள் பலர் விரும்புகிறார்கள்.

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறார்கள். வயிறு வலிக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். கறுப்பாகப் போவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் வலி குறையும். டீயும் காப்பியும் இரும்பைக் குடலில் தடுக்கும், ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரை, பருப்போடு எலுமிச்சை பிழிந்தால், அல்லது ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால், இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். ஈரலும் மீனும் சாப்பிடுபவர்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் இரும்பு இன்னும் சுலபமாகச் சேரும். குறைபாடு உறுதியானால் தினசரி மாத்திரையின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும், 16 முதல் 18 வயதில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, தயிர் எல்லாம் கைகொடுக்கும். வாழ்நாளில் சேரும் எலும்பின் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் பதினைந்து வயதில் மாதவிடாய் நிற்பதை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட முடியாது.

படி 5: அந்த நாட்களில்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ரியோவில் 2016-இல் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுயும் இப்படிச் சொன்னார். மறுபக்கம், பாலா ராட்கிளிஃப் 2002-இல் சிகாகோவில் மாரத்தான் உலக சாதனை படைத்தது மாதவிடாய் வலியோடுதான். ஆக, அந்த நாளில் ஓடலாமா என்பதற்கு எல்லோருக்குமான ஒரே பதில் இல்லை. அவளைக் கேட்க வேண்டும். முடியும் என்றால் ஓடட்டும், முடியாது என்றால் அதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள்.

முதல் வாரம் இந்தப் பயிற்சி, மூன்றாம் வாரம் அந்தப் பயிற்சி என்று சுழற்சிக்கேற்ற அட்டவணைகள் இப்போது நிறைய உலவுகின்றன. எல்லாப் பெண்ணுக்கும் பொருந்தும்படி அப்படி ஒரு அட்டவணை போட ஆதாரம் போதாது. அவளுடைய நோட்டில் மூன்று, நான்கு மாதம் எழுதியதைப் பார்த்து, அவளுக்கு எந்த நாள் கனமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த நாளில் மட்டும் கொஞ்சம் தளர்த்துவதே நான் பார்த்தவரை உதவியிருக்கிறது.

வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் லேசான ஓட்டமும் பலருக்கு உதவும். போதாவிட்டால் மருத்துவர் சொல்லும் வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம். இபுபுரூஃபென், மெஃபெனாமிக் ஆசிட் வகை மாத்திரைகள் கருப்பையைச் சுருங்க வைக்கும் பொருளையே குறைப்பவை, அதனால் வலி உச்சிக்கு ஏறும் வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே எடுப்பது நல்லது. வலியால் மாதாமாதம் பள்ளிக்கே போக முடியவில்லை, ஏழு நாளைத் தாண்டியும் போகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி சில்லறை வேலைகள்: அணியின் முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கட்டும், கேட்காமலே எடுக்கும்படி. கால்சட்டை அடர்நிறமாக இருக்கட்டும். விம்பிள்டனே 2023-இல் வெள்ளைப் பாவாடைக்குள் அடர்நிற உள்கால்சட்டை அணிய அனுமதித்துவிட்டது. போட்டிக்குப் போகும் ஊரில் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் இல்லை என்பதற்காகவே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

படி 6: மருத்துவரிடம் எப்போது, என்ன கேட்பது

மூன்று மாதம் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். போகும்போது நோட்டையும், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் பயிற்சி என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். இதைச் சொல்லாவிட்டால் பல இடங்களில் கேட்கவே மாட்டார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். மாதவிடாய் வராத எந்தப் பெண்ணுக்கும் வழக்கமாகச் செய்வது அது, அம்மாக்கள் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால், ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவை வழக்கமான ரத்தப் பரிசோதனைகள். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தாலோ, எலும்பில் விரிசல் வந்திருந்தாலோ டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஸ்கேனில் சினைப்பையில் சிறு சிறு நீர்க்குமிழ்கள் தெரிந்தால் உடனே பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதி, "எடையைக் குறை, சாதத்தைக் குறை, உடற்பயிற்சி செய்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பதின்ம வயதில் அந்தக் குமிழ்கள் இயல்பாகவே தெரியும், போதாத ஆற்றலால் மாதவிடாய் நின்றவளுக்கும் தெரியலாம். தினமும் 10 கிலோமீட்டர் ஓடும் 48 கிலோ பெண்ணுக்குச் சாதத்தைக் குறைக்கச் சொன்னால் என்ன ஆகும்? "டாக்டர், இவள் சாப்பாடு போதாததால் நின்றிருக்குமா?" என்ற ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, மாநில, தேசியப் போட்டிகளில் ஓடுபவர்களுக்கு. பிசிஓடிக்கும் முகத்தில் முடி வளர்வதற்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், கருமுட்டை வெளிவரக் கொடுக்கும் க்ளோமிஃபீன், லெட்ரோசோல் ஆகிய மூன்றும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருப்பவை. சீட்டு எழுதும் முன்பே, "இவள் போட்டியில் ஓடுபவள், தடை செய்த மருந்து இல்லையா என்று பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் எடுத்தேன் என்பது அங்கே எடுபடாது.

எலும்பு வலிக்கு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தசைவலி பரவலாக இருக்கும், ஓட ஓடத் தளரும். எலும்பு விரிசல் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் விரல் வைத்தால் துள்ள வைக்கும், ஓட ஓடக் கூடும், ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று குத்தும். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மறுநாளே ஓட விடாதீர்கள். தொடை இடுக்கில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசுங்கள்.

படி 7: நாக்கை அடக்குங்கள்

"குண்டாயிட்ட", "இடுப்பு பெருத்துப்போச்சு", "ரெண்டு கிலோ இறக்கு, நேரம் குறையும்." பயிற்சியாளர் வாயிலிருந்து வரும் இந்தச் சொற்களை அந்தப் பெண் இருபது வருஷத்துக்கு மறக்க மாட்டாள். 13 முதல் 16 வயதில் பெண்ணின் இடுப்பு விரியும், கொழுப்பு சேரும், நேரம் ஒன்றிரண்டு வருஷம் அப்படியே நிற்கும். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள்: "இது வளர்ச்சி. பயப்படாதே, திரும்ப ஏறுவாய்." எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். எடைப்பிரிவு உள்ள விளையாட்டு என்றால், வளரும் பெண்ணை ஒரு பிரிவு கீழே இறக்க முயற்சி செய்யாதீர்கள்.

தனியாகச் சாப்பிடுகிறாள், சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓடுகிறாள், உணவை ஒளிக்கிறாள், ஓய்வு நாளிலும் ரகசியமாக ஓடுகிறாள் என்றால், திட்டினாலும் கெஞ்சினாலும் சரியாகாது. மனநல மருத்துவர் உதவி வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

படி 8: திரும்பி வருவது

பயிற்சியை முழுதாக நிறுத்த வேண்டுமா என்பது மருத்துவர் சொல்வதைப் பொறுத்தது. எலும்பு நன்றாக இருந்து, அவள் ஒத்துழைத்துச் சாப்பிட்டால், பெரும்பாலும் ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுத்து, தட்டைக் கூட்டினால் போதும். தூக்கம் சரியாவதும், எரிச்சல் குறைவதும், காலையில் குளிர் எடுக்காமல் இருப்பதும் சில வாரங்களிலேயே தெரியும். மாதவிடாய்க்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். எலும்புக்கு வருஷங்கள். எடை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1500 மீட்டர் பெண்ணுக்கு ஆறரை மாதம் ஆனது. நடுவில் ஒரு மண்டலப் போட்டியை விட்டோம், அதற்கு அவள் அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அம்மா போன் செய்து, "டீச்சர், இன்னைக்குக் காலைல தூரமாயிட்டா" என்றார். உளுந்து ஊறப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். அடுத்த மாதம் 41-ஆம் நாள் வந்தது, அதற்கடுத்தது 36. மூன்று முறை சீராக வந்த பிறகுதான் பழைய தூரத்துக்கு ஏற்றினோம், வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம். தூரம் ஏறிய ஒவ்வொரு வாரமும் மதியச் சாதத்தில் அரைக் கரண்டி கூடியது.